இருபத்திரண்டாம் நம்பர் சனி

ஒருவனுக்குச் சனி பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் ஒரு ஜாதகம் வேண்டும், அதைப் படிக்க ஒரு ஜோசியர் வேண்டும், அவர் சொல்வதை நம்ப ஒரு மனம் வேண்டும். 1959இல் திண்டிவனத்துக்காரர்கள் முதல் இரண்டையும் ஒழித்துவிட்டார்கள். மூன்றாவது மட்டும் இருந்தால் போதும் என்று நேத்திரானந்த சுவாமிகள் சொல்லிவிட்டார். அவர் சனியைப் போட்டோ பிடித்துக் கையிலேயே கொடுத்தார்.

விழுப்புரம் போகும் சாலையில், ஊர் எல்லை தாண்டியதும் ஒரு கீற்றுப் பந்தல். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே பஸ்ஸை நிறுத்தாமல் போகிற கண்டக்டர் அன்று முழுவதும் வசவு வாங்கவேண்டும். கூட்டேரிப்பட்டு, வல்லம், இன்னும் எனக்குப் பெயர் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் ஜனம் வந்து குவியும். திருவக்கரைக்குப் போய் வக்கிரகாளியைக் கும்பிட்டுவிட்டு, அவள் கொடுத்த வரம் சரிதானா என்று இங்கே வந்து சரிபார்த்துக்கொண்டு போனவர்களும் உண்டு. பந்தலைச் சுற்றி முறுக்குக் கடை, பூக்கடை, எலுமிச்சம்பழக் கடை எல்லாம் முளைத்தன. முகப்பவுடர் விற்க வந்த ஒருவன் மட்டும் ஒரே வாரத்தில் கடையைக் கட்டினான். பவுடர் பூசிய முகத்தைக் கண்டால் சனிக்குக் கோபம் வரும் என்று சுவாமிகள் அறிவித்திருந்தார்.

நானும் ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். மூன்று கால் மரத் தாங்கியின்மேல் ஒரு பெட்டிக் கேமரா. அதற்கு மாலை. லென்ஸைச் சுற்றிச் சந்தனம், நடுவில் குங்குமம் வைக்க இடமில்லாததால் மேலே ஒரு பொட்டு. எதிரே பந்தலின் நிழலில் ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் பந்தல் திறந்திருக்கும். அப்பால் வெயிலில் ஒரு பனைமரம் நிற்கும். அந்தப் பனைமரத்தை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எங்கே திரும்பினாலும் பனைமரம்தான்.

பக்தர் நாற்காலியில் உட்காருவார். சுவாமிகள் கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு கேமராவின் பின்பக்கம் ஏதோ பார்ப்பார். பிறகு முன்னால் வந்து லென்ஸின் பித்தளை வளையத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, ஒரு திருப்பு திருப்புவார். "ஓம் நேத்ராய நமஹ" என்று மூன்று முறை சொல்லுகிற நேரம் லென்ஸின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டுவார். அடுத்த செவ்வாய்க்கிழமை படம் வரும். படத்தில் முகம் கரிச்சட்டியாக இருக்கும். தலைக்குப் பின்னால் மயிரை விரித்துக்கொண்டு ஒரு முனி நிற்கும்.

பார்த்தவர்கள் அலறினார்கள். அலறியவர்களுக்குப் பரிகாரம் சொல்லப்பட்டது. மூன்று செவ்வாய், மூன்று கோழி, ஒரு மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. முடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தால், அடுத்த படத்தில் முகம் முழு நிலவாக இருக்கும். பின்னால் நின்ற முனி வெளிச்சத்தில் கரைந்து, இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். இதைவிடச் சாட்சி யாருக்கு வேண்டும்? கோர்ட்டில்கூட இவ்வளவு காட்டுவதில்லை.

லென்ஸின் முகப்பில் 1:4.5 என்று பொறித்திருந்தது. அதற்குச் சுவாமிகள் பொருள் சொன்னார். "ஒண்ணுன்றது ஆத்மா. நாலரைன்றது ஏழரையை அடக்கற எண்." பக்கத்தில் எட்டு லட்சத்துச் சொச்சம் என்று ஒரு நீண்ட எண். அது இந்த லென்ஸ் இதுவரை விரட்டிய பேய்களின் தொகை. "போன மாசமும் இதே நம்பர்தானே சாமி இருந்துச்சி?" என்று ஒருவர் கேட்டார். போன மாதம் விரட்டியவை எண்ணிக்கையில் சேர விண்ணப்பம் போட்டிருப்பதாகப் பதில் வந்தது. கேட்டவர் திருப்தியோடு உட்கார்ந்தார்.

வளையத்தில் 4.5 முதல் 22 வரை எண்கள் இருந்தன. இவை சனியின் தரங்கள். பதினொன்று என்றால் சில்லறைச் சனி. பதினாறு என்றால் குடும்பச் சனி. இருபத்திரண்டு என்றால் வம்சத்தையே பிடித்த சனி. அரிசி மில் கிருஷ்ணசாமி சில்லறை எண்ணில் உட்கார மறுத்துவிட்டார். "நான் இன்னா கூலிக்காரனா? எனக்கு இருக்கறதுலயே பெரிய நம்பரா வை" என்றார். வைக்கப்பட்டது. படத்தில் அவருடைய வெள்ளை வேட்டி மட்டும் வந்தது. அதைச் சட்டம் போட்டு மில்லில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் "இருவத்திரண்டு" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

சுவாமிகளின் பூர்வாசிரமப் பெயர் துரைக்கண்ணு. டெண்ட் கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது ஒரு துரை வீட்டுச் சாமான்களோடு இந்தக் கேமராவும் ஏலத்துக்கு வந்தது. வாங்கி வந்து போட்டோக்காரராகத்தான் பிழைக்கப் பார்த்தார். வளையம் இருபத்திரண்டில் நின்றிருந்தது. அது எதற்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எடுத்ததெல்லாம் கறுப்பாக வந்தது. ஒரு நாள் வாடிக்கைக்காரர் ஒருவர் படத்தை வீசி எறிந்து, "என் மூஞ்சி ஏன்யா கருப்பா இருக்குது?" என்று சட்டையைப் பிடித்தார். அடிக்குப் பயந்து துரைக்கண்ணு சொன்னார்: "உங்களுக்குச் சனி." அந்த மனிதர் சட்டையை விட்டுவிட்டுக் காலைப் பிடித்தார். ஒரு மகான் பிறக்க இவ்வளவுதான் தேவைப்பட்டது.

மகானுக்குப் படம் கழுவத் தெரியாது. படம் பதிந்த கண்ணாடி பிளேட்டுகளை அட்டைப்பெட்டியில் கட்டி, பஸ்ஸில் விழுப்புரத்துக்கு அனுப்புவார். அங்கே ரயில்வே ஜங்ஷனுக்கு எதிர்ச் சந்தில் சூசைமுத்து ஸ்டூடியோ. சூசைமுத்து படம் எடுப்பார், அவர் மனைவி அமலோற்பவமேரி கழுவி பிரிண்டு போடுவார். இருவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனால் டார்க் ரூமுக்குள் மருந்தைத் தவிர வேறு எதையும் கலப்பதில்லை.

திண்டிவனத்திலிருந்து பெட்டி அனுப்புகிறவர் தொழில் தெரியாத ஒரு பாவப்பட்ட போட்டோக்காரர் என்றே சூசைமுத்து நினைத்திருந்தார். முதல் பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது கவரின்மேல் அழகான கையெழுத்தில் எழுதினார்: "ஐயா, முகத்தில் வெளிச்சம் போதவில்லை. நிழலில் எடுக்கும்போது வளையத்தை 22இல் வைக்க வேண்டாம். 4.5இல் வைத்தால் முகம் தெளிவாக வரும்." இலவச யோசனை. மூன்றாம் பெட்டியிலிருந்து பாதிப் படங்கள் பளிச்சென்று வந்தன. கற்றுக்கொள்கிறார் என்று சூசைமுத்துவுக்குச் சந்தோஷம். மீதிப் பாதி ஏன் இன்னும் கறுப்பாக வருகிறது என்பதுதான் புரியவில்லை. கூடவே ஒரு சீட்டும் வரும்: "எல்லாம் ஒரே அளவில் பிரிண்டு போடவும். கறுப்பை வெளுக்க வேண்டாம்." வாடிக்கைக்காரர் கேட்டால் கேட்டபடி செய்வதுதானே தொழில்! ஐப்பசி மழையில் வானம் இருண்டு கிடந்தபோது பளிச்சென்று வரவேண்டியதும் கறுப்பாக வந்தது. அந்த மாதம் திண்டிவனம் தாலுகாவுக்கே சனி பிடித்தது.

அந்த மாதம் உட்கார்ந்தவர்களில் ஒருத்தி அஞ்சம்மாள்.

வல்லத்துப் பெண். கூட்டேரிப்பட்டில் தாண்டவராயனுக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று வருஷம். குழந்தை இல்லை. ஐப்பசியில் உழவு மாடு ஒன்று செத்தது. மாடு தின்னக்கூடாததைத் தின்றது என்று மாட்டு வைத்தியர் சொன்னார். அவர் சொன்னதில் சுவாரசியம் இல்லை. மாமியார் லட்சுமியம்மாள் மருமகளை லென்சு சாமியிடம் கூட்டிப்போனார். படம் வந்தது. கரிச்சட்டி முகம், பின்னால் முனி. இருபத்திரண்டு.

லட்சுமியம்மாளைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் இருந்த மல்லாட்டையை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்ப் பந்தலில் இறக்கினார். இரண்டு பரிகாரம் ஆயிற்று. அப்புறம் எடுத்த படத்தில் முகம் கொஞ்சம் தெளிந்தது. பதினொன்று. மூன்றாவது பரிகாரத்துக்கு மல்லாட்டை தீர்ந்துவிட்டது; சனி தீரவில்லை. "மிச்சச் சனி குடும்பத்துல எறங்கும்" என்று சுவாமிகள் வருத்தத்தோடு சொன்னார். அஞ்சம்மாளை அந்தக் கரிச்சட்டிப் படத்தோடு வல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தாண்டவராயன் பஸ் ஏற்றிவிட வந்தான். பஸ் புறப்படுகிறவரை டயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தை பிறந்ததும் ஒரு செய்தி வல்லத்துக்கு வந்தது. லட்சுமியம்மாள் தன் அண்ணன் மகள் சின்னபொண்ணைத் தாண்டவராயனுக்கு இரண்டாந்தாரமாகக் கேட்டிருக்கிறார். ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டக்கூடாது என்று சட்டம் வந்து நாலைந்து வருஷம் ஆகிவிட்டது. ஆனால் சட்டத்தை யாரும் போட்டோ பிடித்துக் காட்டவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை சின்னபொண்ணு லென்ஸுக்கு முன்னால் உட்காருவாள். முகம் பளிச்சென்று வந்தால் மாசியில் தாலி.

அஞ்சம்மாள் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். அன்று ராத்திரிச் சோற்றைத் தொடாமல் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் பின்பக்கம் ஒரு மங்கலான முத்திரையைக் கண்டாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். விழுப்புரம். மறுநாள் பஸ் ஏறிவிட்டாள்.

"அண்ணே, இந்தக் கருப்ப சொரண்டி எடுத்துட முடியுமா?"

சூசைமுத்து படத்தை வாங்கிப் பார்த்தார். "எது கருப்பு?"

"மூஞ்சிதான்."

அவர் படத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். மாநிறத்தில் நல்ல களையான முகம். படத்தில் இருப்பது யார் என்றே தெரியவில்லை. "இத யாரும்மா எடுத்தது?"

"லென்சு சாமி."

"அது எந்த ஸ்டூடியோ?"

அஞ்சம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முனி, மாடு, மல்லாட்டை, சின்னபொண்ணு, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அமலோற்பவமேரி டார்க் ரூம் திரையை விலக்கிக்கொண்டு ஈரக் கையோடு வெளியே நின்றிருந்தார். படத்தை வாங்கித் திருப்பினார். தன் கையால் குத்திய முத்திரை.

"எட்டு மாசமா நாமதான் சனியக் கழுவிக் காயப்போட்டுக்கினு இருந்திருக்கோம்" என்றார் புருஷனிடம்.

சூசைமுத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அதுகூடப் பரவால்ல மேரி. அந்தாளுக்கு மொதல்ல சனியப் புடிக்கத்தான் தெரிஞ்சிது, வெரட்டத் தெரியாது. நாலரைல வைன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். பரிகாரம் என்னுது." அவமானத்தில் அவர் முகம் சிறுத்துப்போனது. அந்த வெட்கம் சுவாமிகளுக்கு வந்திருக்கவேண்டியது. வரவேண்டியவர்களுக்கு வராமல் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் அது வருகிறது.

"நாலரன்னா இன்னாண்ணே? சாமி என்னென்னமோ சொன்னாரு."

சூசைமுத்து தன் ஸ்டூடியோக் கேமராவிடம் அவளைக் கூட்டிப்போனார். "இந்த லென்ஸுக்குள்ள ஒரு வாசல் இருக்குதும்மா. வளையத்தத் திருப்பினா அது விரியும், சுருங்கும். நாலரைன்னா லென்ஸோட ஃபோகஸ் தூரத்த நாலரையால வகுத்த அகலத்துக்குத் தெறக்குது. இருவத்திரண்டுன்னா அதையே இருவத்திரண்டால வகுத்த அகலம்."

"ஒரு வெல்லத்த நாலு பேருக்குப் பிட்டா பெரிய துண்டு, இருவத்திரண்டு பேருக்குப் பிட்டா சின்னத் துண்டு. அதானே?"

சூசைமுத்து அவளை ஒரு கணம் பார்த்தார். தொழில் பழக வந்தவர்களுக்குப் பத்து வருஷமாக அவர் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. "அதேதான்."

"அப்போ இருவத்திரண்டுதான் இருக்கறதுலயே சின்ன ஓட்டையா? மில்லுக்காரரு அதப் போயி சட்டம் போட்டு மாட்டியிருக்காரே!"

"சின்ன ஓட்டைல வெளிச்சம் கொஞ்சமாத்தான் வரும். நெழல்ல ஒக்காந்த மூஞ்சி கருத்துடும். வெயில்ல நிக்கற பனமரம் கருக்காது. இன்னொரு விஷயம், ஓட்ட சின்னதானா தூரத்துல இருக்கறதுகூட உருவமாத் தெரியும். பெருசானா கிட்ட இருக்கறது மட்டும் தெளியும், தூரத்துது கலங்கிப் போவும்."

"முனி கரையறது அதுதானா!"

அவர் கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்தார். அஞ்சம்மாள் தயங்கினாள். சாமியைத் தவிர யார் துணிக்குள் பார்த்தாலும் அந்த நிமிஷமே கண் அவிந்துவிடும் என்று பந்தலில் சொல்லியிருந்தார்கள். அமலோற்பவமேரி போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் இருவது வருசமாப் பாத்துக்கினு இருக்கேன். எனக்கு இன்னும் ஊசில நூல் கோக்கற கண்ணு. பாரு."

அஞ்சம்மாள் துணிக்குள் தலையை விட்டாள். பின்பக்கத்துப் பால் கண்ணாடியில் அமலோற்பவமேரி தலைகீழாக உட்கார்ந்திருந்தார். சூசைமுத்து வளையத்தைத் திருப்பினார். மேரியக்கா இருண்டார். திருப்பினார். மேரியக்கா வெளுத்தார்.

"இவ்ளோதானா?" என்றாள் அஞ்சம்மாள் உள்ளேயிருந்து. அந்தக் குரலில் இருந்த ஆத்திரத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மூவரும் பந்தலில் இறங்கினார்கள். வரிசை சாலைவரை நின்றிருந்தது. நாற்காலியில் சின்னபொண்ணு, எண்ணெய் வடிய வாரிய தலையும் பயந்த கண்ணுமாக. பக்கத்தில் லட்சுமியம்மாள். கொஞ்சம் தள்ளித் தாண்டவராயன், இப்போதும் தரையைப் பார்த்துக்கொண்டு. சுவாமிகளின் கை வளையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நாலரைல வைக்கறீங்களா சாமி, இருவத்திரண்டுலயா?" என்று கேட்டார் சூசைமுத்து.

சுவாமிகள் திரும்பினார். "யார்யா நீ?"

"விழுப்புரம் சூசைமுத்து. உங்க பெட்டியெல்லாம் கழுவறவன். எட்டு மாசத்துக்கு முன்ன கவருமேல எழுதி அனுப்புனேனே."

பந்தலில் இருந்தவர்களுக்கு இது புரியவில்லை. சுவாமிகளுக்குப் புரிந்தது. திருநீற்றுக்கு அடியில் நெற்றி வியர்த்தது. "நீ வேதக்காரன். நம்ம தெய்வ சமாச்சாரம் உனக்கு இன்னா தெரியும்?"

"தெய்வ சமாச்சாரம் எனக்கு வேணாங்க. லென்ஸ் சமாச்சாரம்தான்."

அதற்குள் லட்சுமியம்மாள் மருமகளைப் பார்த்துவிட்டார். "ஏய், நீ எதுக்குடி இங்க வந்த? மிச்சம் இருக்கற மாடும் சாவணுமா?"

அஞ்சம்மாள் அவரைத் தாண்டி நடந்தாள். நேராகப் போய்க் கறுப்புத் துணியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டாள். கூட்டம் "ஐயோ!" என்றது. சுவாமிகள் "போச்சி! கண்ணு போச்சி!" என்று இரண்டடி பின்வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டார். முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி குருடாவதற்காகக் காத்திருந்தார்கள். யாரும் அவளைப் பிடித்து இழுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் தலையை வெளியே எடுத்தாள்.

"கண்ணு போச்சா?" என்று கேட்டார் முன்வரிசையில் இருந்த ஒருவர், அக்கறையோடு.

"போவல. சின்னபொண்ணு தலகீழாத் தெரியறா. நீங்க மஞ்சத் துண்டு போட்டிருக்கீங்க. போதுமா?" என்றவள் புருஷனைப் பார்த்தாள். "வா. வந்து உள்ள பாரு."

தாண்டவராயன் அம்மாவைப் பார்த்தான்.

"அம்மாவ அப்புறம் பாக்கலாம். ஜல்தி வா."

அவன் வந்தான். துணிக்குள் போனான். அஞ்சம்மாள் முன்னால் போய் வளையத்தில் விரல் வைத்தாள். சுவாமிகள் "தொடாத! தீட்டு!" என்று பாய்ந்தார்; சூசைமுத்து குறுக்கே நின்றார். அவர் குட்டையானவர்தான். ஆனாலும் நின்றார்.

"இப்போ நாலரை. எப்படித் தெரியறா?"

"பளிச்சினு" என்றது துணி.

அவள் திருப்பினாள். "இப்போ இருவத்திரண்டு."

துணிக்குள்ளிருந்து ஒரு கூச்சல். "சனி! சனி வந்துடிச்சி! பின்னால முனி நிக்குது!"

சின்னபொண்ணு அழ ஆரம்பித்தாள். அஞ்சம்மாள் வளையத்தைத் திருப்பினாள்.

"போயிடிச்சி" என்றது துணி, சந்தேகத்தோடு. 

"மறுபடி வரச் சொல்லட்டுமா?"

"என் அண்ணன் பொண்ணு மேல எதுக்குடி ஏவி விடற!" லட்சுமியம்மாள் சின்னபொண்ணின் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு, தானே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "என்ன வச்சிப் பாரு! நாப்பது வருசமா வெரதம் இருக்கற ஒடம்பு இது. எந்தச் சனி வருதுன்னு பாக்கறேன்!"

"ஒக்காருங்க அத்த. கொஞ்சம் நிமுந்து ஒக்காருங்க" என்றாள் அஞ்சம்மாள். மரியாதை குறையவில்லை. வளையத்தை மட்டும் திருப்பினாள்.

துணிக்குள் தாண்டவராயனின் தலை இன்னும் குனிந்தது.

"டேய் தாண்டவா, இன்னாடா தெரியுது? சொல்லேன்டா!"

"அம்மா..." என்றான் அவன். "உன் மூஞ்சி கரியா இருக்குது. உன் தலையிலருந்து முனி மயிர விரிச்சிக்கினு தொங்குது." பிறகு துணியிலிருந்து தலையை எடுத்து, நாற்காலிக்குப் பின்னால், பந்தலுக்கு அப்பால் வெயிலைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற ஒரு பொருளை முதல் தடவையாகப் பார்த்தான். "அம்மா, அது பனமரம்."

லட்சுமியம்மாள் திரும்பிப் பார்த்தார். முந்நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பனைமரம் தன் பாட்டுக்கு நின்றிருந்தது.

பிறகு வரிசை குலைந்தது. ஆளாளுக்குத் துணிக்குள் தலையை விட்டார்கள். நாற்காலியில் ஒரு தண்ணீர்க்குடத்தை வைத்தார்கள். குடத்துக்குச் சனி பிடித்தது, விட்டது. முறுக்குக் கூடையை வைத்தார்கள், முறுக்குக்கும் பிடித்தது. அரிசி மில் கிருஷ்ணசாமி பார்த்துவிட்டு வெளியே வந்து, "அப்போ எனக்கு இருவத்திரண்டு இல்லியா?" என்று கேட்டார். சனி இல்லை என்று தெரிந்து மனம் ஒடிந்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"சாமி ஒக்காரட்டும்!" என்று ஒரு குரல் எழும்பியது. "சாமி, நீங்க ஒக்காருங்க!"

சுவாமிகள் உட்காரவில்லை. தன் லென்ஸ் தன் முகத்தில் என்ன காட்டும் என்று அவருக்கு மட்டும்தானே முன்பே தெரியும். "இன்னிக்கி நேரம் சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே பந்தலின் பின்பக்கமாக, பனைமரத்தைச் சுற்றிக்கொண்டு போனார். சாலையில் சென்னைப் பக்கம் போகிற லாரி ஒன்று வேகம் குறைத்து, மறுபடி வேகமெடுத்தது. கேமராவை அவர் எடுத்துப்போகவில்லை.

நியாயமாக இங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் இவர்களை உங்களுக்குத் தெரியாது. ஓர் அம்மாள் கற்பூரத் தட்டோடு சூசைமுத்துவின் முன்னால் வந்து விழுந்தார். "பொய்ச் சாமிய வெரட்டுன மெய்ச் சாமி! உங்க லென்ஸுல இன்னா நம்பருங்க?" பின்னால் நாலைந்து பேர் எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். சூசைமுத்து பதறிப்போய், "எழுந்திரும்மா, பேஜாரு பண்ணாத. நான் போட்டோக்காரன்!" என்று கும்பிட்டார். அவர் கும்பிட்டதையும் ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அமலோற்பவமேரி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

அஞ்சம்மாளும் அவர்களோடு நடந்தாள். தாண்டவராயன் பின்னாலேயே ஓடிவந்தான். லட்சுமியம்மாள் நாற்காலியை விட்டு இன்னும் எழவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு பனைமரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சம்மா, நில்லு. வா, வூட்டுக்குப் போலாம். உன்மேல ஒண்ணும் இல்லன்னு இப்போ தெரிஞ்சிபோச்சி."

அவள் நின்றாள்.

"மூணு வருசம் எதிர்ல குந்தி உனக்குக் கேப்பக்களி போட்டேனே. அப்போ என் மூஞ்சி எப்படி இருந்துச்சி?"

அவன் மறுபடி தரையைப் பார்த்தான்.

"நெதம் பாத்த மூஞ்சி உனக்குத் தெரியல. ஒரு அட்டைல பாத்தது தெரிஞ்சிது. இப்போ ஒரு கண்ணாடில பாத்துட்டு வான்னு கூப்புடற. நாளைக்கு வேற எதுலயாவது பாத்துட்டுப் போன்னு சொல்லுவ."

"இல்ல அஞ்சம்மா, சத்தியமா..."

"நான் வர்றதா வேணாமான்னு யோசிச்சி சொல்றேன். எனக்கு ரெண்டு நாள் போதும். நீயும் போய் யோசி." பஸ் வந்து நின்றது. அவள் படியில் கால் வைத்துக்கொண்டு திரும்பினாள். "உனக்குப் பழக்கமில்லாத வேல. கொஞ்சம் கூடவே நாள் எடுத்துக்க."

அவள் குரலைத் தணித்துச் சொல்லவில்லை. பந்தலில் இருந்த முந்நூறு பேருக்கும் நன்றாகவே கேட்டது. தாண்டவராயனுக்குச் சொல்கிறாள் என்று அவர்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.